புள்ளி இலவசம்

பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான்.
வாசிப்பு மண்டபம்: எழுபத்தைந்து லட்சம்.
சிறுவர் பகுதி, துறைமுகம் தெரியும் யன்னலோடு: முப்பது.
யன்னல் மட்டும் என்றால் நாலரை.
கதிரை ஒன்று பதினெட்டாயிரம்,
கைப்பிடி வைத்தது இருபத்திரண்டு.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"மலசலகூடத்தையும் போடும், அதுக்கும் சுவர் இருக்கு."

அறிவித்தல் பலகையில் ஒட்டிய முதற் பிரதியை
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
கதிரையிலிருந்து மண்டபம் வரை மென்றுவிட்டது.
இரண்டாம் பிரதியை ஒரு முழம் உயர்த்தி ஒட்டினேன்.

மெல்போர்னிலிருந்து டொக்டர் குகநேசன்
இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் மண்டபத்தை எடுத்தார்.
அப்பாவின் பெயர், அப்பாவின் பட்டம், அவருடைய அப்பாவின் பட்டம்,
மூன்று மொழியில், கருங்கல்லில்.
கல் வந்தது.
கீழே பதித்தால் தோள் உரசும் என்று
வாசல் நிலைக்கு மேலே ஏற்றினோம்.
இப்போது அதை வாசிப்பதென்றால்
வீதிக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைப் படியில் நிற்கவேண்டும்,
பஸ் வராத நேரமாய்ப் பார்த்து.

திருக்கடலூர் வாடி முதலாளிமார், அண்ணனும் தம்பியும்,
ஆறு வருடமாய்ப் பேச்சில்லை,
ஒரே யன்னலைக் கேட்டார்கள்.
ஆளுக்கொரு கதவு கொடுத்தோம்.
கச்சான் காற்றுக்கு அவை
ஒன்றையொன்று அறைந்துகொண்டிருக்கின்றன.

கிண்ணியா ஒப்பந்தகாரர் ஸுபைர் ஹாஜியார்
மலசலகூடத்துக்கு முழுக் காசையும் மேசையில் வைத்தார்.
பெயர்?
"வலக்கை குடுத்தது இடக்கைக்குத் தெரியப்படாது."
பேனையை வாங்கி
இடக்கையால்தான் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் வெட்டுகிறவர் என்.சி. வீதி லூக்காஸ்.
தமிழில் எழுத்துக்கு நூறு ரூபாய்.
கொம்புக்கும் காலுக்கும் தனியாக இல்லை.
புள்ளி இலவசம்: "ஒரு தட்டுத்தானே."

பரிபூரணம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.
பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்கிறவள்.
விலைப்படாமல் தன் தலையில் மிஞ்சிய சீட்டுகளுக்கு
பின்னேரம் பேப்பரில் இலக்கம் பார்க்க வருவாள்.
"ஐந்நூறுக்கு என்ன இருக்கு?"
ஆகக் குறைந்தது புத்தகத் தாங்கி, ஐயாயிரம்.
அவள் சுற்றிப் பார்த்தாள்.
பத்திரிகை மேசைக்கு மேலே லைற்று,
அதன் சுவிட்சுக்கு உரிமைக்காரர் யாருமில்லை.
பட்டியலின் அடியில் பேனையால் எழுதினேன்:
சுவிட்ச் ஒன்று, வெட்டுக்கூலி மட்டும்.
கூட்டக் குறிப்பில் இதற்கு அனுமதி கிடையாது.
நூலகத்துக்கு ஒரு சதமும் வரவில்லை.
எந்தப் பக்கத்தில் பதிவதென்று
கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு
இன்னும் பார்த்தபடி இருக்கிறேன்.

லூக்காஸ் விரல் மடித்தார்.
ப, ரி, பூ, ர, ண, ம். ஆறு.
"அறுநூறு வருகுது. பூரணம் எண்டு வெட்டுவம்,
நானூறோட முடியும்."
"அது என்ர தங்கச்சி.
அவளுக்கு நான் ஏன் கட்டவேணும்?"
கொஞ்ச நேரம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வாயைத் திறக்காமலே சொல்லுற எழுத்துக்கு நூறு ரூபாயோ?
மானாவை விடுங்கோ.
புள்ளி இலவசமெண்டனீங்கள், அதை மட்டும் வையுங்கோ."

பித்தளையில் பரிபூரண.
பிறகு ஓர் எழுத்தளவு வெறும் தகடு.
அந்த வெறுமையின் உச்சியில் ஒரு புள்ளி.
ஆணி என்று நினைத்து
மின்சாரக்காரன் ஒருமுறை திருப்பாணியால் கிண்டிப் பார்த்தான்.

நேற்று மாலை இருட்டிக்கொண்டு வர
உவர்மலைப் பையன் ஒருவன் சுவிட்சைப் போட்டுவிட்டு
விரலை எடுக்காமல் நின்றான்.
"பரிபூரண... என்ன?"
யாரிடம் கேட்டானோ தெரியாது.
இலக்கங்களில் வைத்த கண்ணை எடுக்காமல்
மேசையின் அந்தப் பக்கமிருந்து அவள்
"ம்"
என்றாள்.